கொடையாளர் பெயரும் கொடையின் கணக்கும்

பிராமி எழுத்தை நாம் இன்று படிக்க முடிவதற்கு ஒரு நன்கொடையாளர் பட்டியல் பெரிதும் காரணம். 1837இல், கல்கத்தா நாணயச் சாலையில் பணியாற்றிய ஜேம்ஸ் பிரின்செப், சாஞ்சிப் பெருந்தூபியின் கல்வேலியிலிருந்து படியெடுத்து அனுப்பப்பட்ட சிறு வாசகங்களை அச்சுக்காக அடுக்கிக்கொண்டிருந்தார். துண்டு துண்டான அந்த வாசகங்கள் ஏறக்குறைய எல்லாமே ஒரே இரண்டு எழுத்துகளில் முடிவதை அப்போது கவனித்தார். பர்மாவின் ஆவா நகரத்துப் புத்தக் கோயில்களில் அடியார்கள் நட்டுவைக்கும் கொடிமரங்களிலும் சிறு சைத்தியங்களிலும் அளித்தவர் பெயர் பொறிக்கப்படும் வழக்கம் அவர் நினைவுக்கு வந்தது. அப்படியானால் அந்த இறுதிச் சொல் ‘தானம்’ என்பதாக இருக்கலாம். அதற்கு முன் அடிக்கடி வரும் எழுத்து, உடைமைப் பொருள் உணர்த்தும் ‘ஸ’வாக இருக்கலாம். முந்தைய ஆண்டே கிறிஸ்டியன் லாசன் இருமொழி நாணயம் ஒன்றின் துணைகொண்டு அகதோக்ளிஸ் என்னும் பெயரைப் பிராமியில் படித்திருந்தார் என்பதையும் மறக்கலாகாது. ஆயினும் முழு நெடுங்கணக்கையும் திறந்த சாவி ‘இன்னாருடைய தானம்’ என்னும் வாய்பாடே. அசோகரின் சாசனங்கள் அதன்பின் படிக்கப்பட்டன.

இந்தச் செய்தி கல்வெட்டியல் மாணவர்கள் அனைவரும் அறிந்ததே. இப்பதிவில் நான் அதை வேறொரு திசையிலிருந்து அணுக விரும்புகிறேன். பல்கலைக்கழகங்கள், மருத்துவ அறக்கட்டளைகள், ஆய்வு நிறுவனங்கள் ஆகியவற்றில் இன்று பெருங்கொடையாளர்களைப் பேணுவது தனித் தொழிலாகவே வளர்ந்துவிட்டது. பணம் வந்த சில நாட்களுக்குள் நன்றிக் கடிதம், ஆண்டுக்கொரு அறிக்கை, கட்டடத்தில் பெயர், விழாவில் முன்வரிசை இருக்கை என அதற்கொரு நடைமுறை உண்டு. இவற்றை மேற்கிலிருந்து இறக்குமதியான வழக்கமென்று பலரும் கருதுகின்றனர். ஆனால் அரசரல்லாத எளியவரிடமிருந்தும் பெரும்பொருள் பெற்று, நூற்றாண்டுக்கணக்கில் தம்மைத் தாமே நடத்திக்கொண்ட நிறுவனங்கள் இந்தியாவில் 2000 ஆண்டுகளுக்கு முன்பே இருந்தன. அவை தம் கொடையாளர்களிடம் எந்த மொழியில் பேசின? மொழியியல் மாணவன் என்ற முறையில் என்னை ஈர்ப்பது இக்கேள்விதான்.

முதலில் அந்தச் சிறு வாசகத்தின் இலக்கணத்தைப் பார்ப்போம். ‘இன்ன ஊர் இன்னாருடைய தானம்’. வினைச்சொல் கிடையாது, எனவே காலமும் கிடையாது. பெறுவோர் யாரென்று கூறப்படுவதில்லை. தன்மை, முன்னிலைப் பெயர்கள் இல்லை. கொடுத்தவர் ஆறாம் வேற்றுமையில் நிற்கிறார். ஒருமுறை கொடுத்து முடிந்த செயலாக அன்றி, என்றும் அவருக்கே உரியதாக அக்கொடை நிற்கிறது. கல் சங்கத்தின் கைக்குச் சென்ற பின்னும் தானம் அவருடையதாகவே எஞ்சுகிறது. நன்றி என்று பொருள்படும் சொல் எதுவும் அங்கில்லை.

சாஞ்சியில் இத்தகைய வாசகங்கள் நூற்றுக்கணக்கில் உள்ளன. வணிகர், நெசவாளர், இல்லத்தரசியர், இன்னாரின் தாய் என்று மட்டும் அறியப்படும் பெண்கள், கோஷ்டியாகச் சேர்ந்து கொடுத்தோர், உடைமை துறந்தவர்கள் என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கும் பிக்குகளும் பிக்குணிகளும் என யாவரும் அதில் உண்டு. அச்சாவடம் என்னும் ஊரில் சிரேட்டியாக இருந்த, குரரத்தைச் சேர்ந்த நாகபிரியன் வாயிலின் தூண் ஒன்றையே கொடுத்தார். பெயர் மட்டும் எஞ்சியிருக்கும் பிக்குணி ஒருவர் வேலியின் குறுக்குக்கல் ஒன்றைக் கொடுத்தார். இருவருக்கும் வாய்பாடு ஒன்றே. பிளாட்டினம், தங்கம், வெள்ளி என்று கொடையாளரை வகுக்கும் இன்றைய பலகைகளைக் கண்டு பழகிய கண்ணுக்கு இது வியப்பளிக்கும். அதற்காகச் சாஞ்சியைச் சமத்துவத்தின் சின்னமாக்கிவிட வேண்டாம். எவர் பெயர் தோரண வாயிலில், எவர் பெயர் வேலியின் மூலையில் என்ற வேறுபாடு அங்கும் இருந்தது. பாருத் தூபியின் முதல் தூண் தம்முடையது என்பதை விதிசையைச் சேர்ந்த ரேவதிமித்திரனின் மனைவி சாபதேவா தெளிவாகவே பொறிக்கச் செய்திருக்கிறார். முதல் தூணுக்கு அன்றும் ஒரு மதிப்பு இருந்தது.

இந்தப் பெயர்கள் வாசிக்கப்படுவதற்காகத்தான் பொறிக்கப்பட்டனவா என்ற ஐயத்தையும் இங்கே குறிப்பிட வேண்டும். பௌத்தக் கொடைக் கல்வெட்டுகளின் சமயப் பயன் குறித்து எழுதிய கிரெகரி ஷோபென், பெயரென்பது அந்த ஆளையே அங்கே இருத்துவது என்ற கோணத்தில் அவற்றை அணுகினார். புனித எலும்புகளின் அருகே தம் பெயர் இருந்தால் தாமே அங்கிருப்பதாகும். எனக்கு இவ்விளக்கம் ஏற்புடையதே. ஆயினும் எல்லாவற்றையும் இதற்குள் அடக்கிவிட முடியாது. ஏனெனில் பெயரைப் பதிவுசெய்தல் அதற்கு முன்பே ஓர் ஆட்சி நடைமுறையாக இருந்தது.

அலகாபாத் தூணில் ‘அரசியின் சாசனம்’ என்றழைக்கப்படும் சிறு கட்டளை ஒன்று இருக்கிறது. பொ.ஆ.மு. மூன்றாம் நூற்றாண்டில் அசோகர் தம் மகாமாத்திரர்களுக்கு இட்டது. தீவலனின் தாயும் இரண்டாம் அரசியுமான காருவாகி மாந்தோப்போ, ஆராமமோ, அறச்சாலையோ, வேறெதுவோ கொடுத்தால், அது அந்த அரசியின் பெயரிலேயே எண்ணப்பட வேண்டும் என்பது அதன் கருத்து. பெருங்கொடையாளரின் பெயரைக் காப்பது குறித்து இந்தியாவில் நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய அலுவலக ஆவணம் இதுவாகலாம். இதில் என்னை நிறுத்திவைத்த சொல் அதன் வினைச்சொல். புகழ்தல், போற்றுதல், வாழ்த்துதல் என்பன போன்ற வினை எதுவும் அங்கில்லை. ‘கண்’ என்னும் வேரிலிருந்து பிறந்த, எண்ணுதல், கணக்கில் கொள்ளுதல் என்னும் பொருளுடைய வினையே இருக்கிறது. கணிதம், கணக்கர் என்னும் சொற்களை அறிந்த நமக்கு இது அயலான வேரன்று.

இனி, நன்றி என்ற சொல்லுக்கு வருவோம். இன்று ‘நன்றி’ என்பது பெற்றவர் வாயால் சொல்வது. பழந்தமிழில் நன்றி என்பது கொடுத்தவர் செய்தது. நன்மை, நற்செயல் என்று பொருள். திருக்குறளின் 11ஆம் அதிகாரத்துக்குச் செய்ந்நன்றி அறிதல் என்று பெயர். செய்யப்பட்ட நன்மையை அறிவதே அங்கே பெற்றவர் கடமை. சொல்வது குறித்துத் தலைப்பில் பேச்சில்லை. வடமொழியின் ‘கிருதஜ்ஞ’, பாலியின் ‘கதஞ்ஞூ’ ஆகியவற்றின் அமைப்பும் இதுவே. செய்யப்பட்டதை அறிபவர் என்பதுதான் அவற்றின் நேர்ப்பொருள். எந்த மொழி எதிலிருந்து கடன்பெற்றது என்ற வழக்கிற்குள் நான் புகவில்லை. மூன்று மொழிகளிலும் நன்றியுணர்வு ஓர் அறிதலாகக் கருத்துருவம் பெற்றிருக்கிறது என்பதே இங்குத் தேவை. மராத்தியிலும் குஜராத்தியிலும் ‘ஆபார்’ என்பார்கள். அதனுள்ளே ‘பாரம்’ இருக்கிறது. தெலுங்கில் ‘கிருதஜ்ஞதலு’, மலையாளத்தில் ‘நந்தி’. இந்தியில் பெருவழக்காகிவிட்ட ‘தன்யவாத்’ மட்டுமே உள்ளமைப்பிலேயே சொல்லுதலைக் கொண்டது. அதிலுள்ள ‘வாதம்’ பேச்சைக் குறிப்பது.

பௌத்தத் துறவியர் உணவு பெற்றபின் ஓதுவது அனுமோதனை. அதை நன்றியுரை என்று மொழிபெயர்க்கும் வழக்கம் உண்டு. அது பிழையான மொழிபெயர்ப்பு என்றே கருதுகிறேன். உடன்மகிழ்தல் என்பது அதன் பொருள். கொடுத்தவருக்குக் கிடைத்த புண்ணியத்தைக் கண்டு பெற்றவர் சேர்ந்து மகிழ்கிறார். கொடையால் பயனடைந்தவர் முதலில் கொடுத்தவரே என்னும்போது பெற்றவர் எதற்காக நன்றி சொல்ல வேண்டும்? மேலும், பல கல்வெட்டுகளில் பெறுவோர் ‘நாற்றிசைச் சங்கம்’. இன்று இங்கிருப்போர் மட்டுமல்லாது இனி வரப்போவோரும் அதில் அடங்குவர். பிறக்காத ஒருவரால் நன்றிக் கடிதம் எழுத இயலாது. அவருக்குரிய பங்கு அவர் வரும்போது அங்கே இருக்கும்படி பார்த்துக்கொள்வதுதான் நிறுவனம் செய்யக்கூடியது.

அப்படிப் பார்த்துக்கொள்வது எவ்வாறு என்பதற்கு நாசிக்கின் பாண்டவலேணிக் குகைகளே சிறந்த சான்று. 10ஆம் எண் குகையை அளித்தவர் உஷவதாதர். மகாராட்டிரத்தின் பெரும்பகுதியை ஆண்ட க்ஷகராத க்ஷத்ரபர் நகபானரின் மருமகன். தன்னடக்கம் மிக்கவர் என்று எவரும் சொல்ல முடியாது. மூன்று லட்சம் பசுக்கள், 16 ஊர்கள், ஆண்டுதோறும் ஒரு லட்சம் பிராமணருக்கு உணவு, ஆறுகளில் இலவச ஓடங்கள் என்று தம் கொடைகளை நீளமாக அடுக்குகிறார். இன்றைய நிறுவனங்களில் கொடையாளர் பேணலில் இருப்போர் இப்படிப்பட்டவரை நன்கு அறிவார்கள். ஆனால் 42ஆம் ஆண்டு என்று குறிக்கப்பட்ட அவருடைய மற்றொரு கல்வெட்டு, வேறொரு மனிதர் எழுதியதுபோல் இருக்கும்.

அதில் அவர் 3000 கார்ஷாபணங்களை அக்ஷய நீவியாக வைக்கிறார். பணம் மடத்தின் கையில் தரப்படவில்லை. அருகிலிருந்த கோவர்தன நகரத்து நெசவாளர் சங்கங்களில் முதலிடப்பட்டது. ஒரு சங்கத்தில் 2000, மாதம் நூற்றுக்கு ஒன்று வட்டி. இன்னொரு சங்கத்தில் 1000, மாதம் நூற்றுக்கு முக்கால் வட்டி. முதல் திருப்பித் தரப்படாது. வட்டி மட்டுமே நுகரப்படும். முதல் தொகையின் வட்டி, குகையில் மழைக்காலம் தங்கும் 20 துறவியருக்குத் தலைக்கு 12 கார்ஷாபணம் ஆடைப்பணம். இரண்டாம் தொகையின் வட்டி பிற சில்லறைச் செலவுக்கு. கணக்கைப் போட்டுப் பாருங்கள். 2000க்கு மாதம் 20, ஆண்டுக்கு 240. இருபது பேருக்குப் பன்னிரண்டு வீதம் 240. ஒரு காசு மிச்சமில்லை, ஒரு காசு குறைவில்லை. தேவை முதலில் கணக்கிடப்பட்டு, அதற்கேற்ற முதல் தொகை பின்னர் முடிவுசெய்யப்பட்டிருக்கிறது என்பது தெளிவு. இரு சங்கங்கள், இரு வட்டி விகிதங்கள் என்ற ஏற்பாடு ஒன்று தளர்ந்தாலும் மற்றொன்று நிற்க வேண்டும் என்ற முன்யோசனையாகவும் இருக்கலாம். இது என் ஊகம் மட்டுமே. இத்துடன் 8000 தென்னைகளும் ஓர் ஊரில் கொடுக்கப்படுகின்றன. இவையனைத்தும் நகர அவையில் அறிவிக்கப்பட்டு, வழக்கப்படி பலகையில் பதிவுசெய்யப்பட்டதாகக் கல்வெட்டு முடிகிறது. கல்லில் நாம் காண்பது படிதான். மூலப்பதிவு நகர அவையில் இருந்தது.

‘நீவி’ என்ற சொல்லைப் பற்றிச் சிறு விலகல். இச்சொல்லுக்குப் பெண்கள் இடையில் சுற்றி முடியும் ஆடை என்றொரு பொருளும், முதற்பணம் என்றொரு பொருளும் உண்டு. அர்த்தசாஸ்திரத்தில் செலவு போக எஞ்சும் இருப்பைக் குறிக்க வருகிறது. முந்தானையில் முடிந்துவைத்த காசைப் பற்றி நம் வீட்டு மூதாட்டியரிடம் கேட்டவர்களுக்கு இவ்விரு பொருளும் எங்கே சந்தித்திருக்கலாம் என்பதை விளக்க வேண்டியதில்லை. அக்ஷய நீவி அவிழாத முடிச்சு. சோழர் காலக் கல்வெட்டுகளில் நந்தாவிளக்குக்கு விடப்படும் ‘சாவா மூவாப் பேராடு’ இதே கருத்தின் மேய்ச்சல்நில வடிவம். ஆடு சாகும், மூக்கும். எண்ணிக்கை சாகாது, மூவாது.

நாசிக் கதை இத்துடன் முடிந்திருந்தால் அது வெறும் நிதி மேலாண்மைப் பாடமாகியிருக்கும். சில ஆண்டுகளில் கௌதமீபுத்திர சாதகர்ணி நகபானரின் ஆட்சியை அழித்தார். 1906இல் நாசிக்கிற்கு அருகே ஜோகல்தெம்பியில் கிடைத்த நாணயப் புதையலில் 13,000க்கும் மேற்பட்ட நகபானர் நாணயங்கள் இருந்தன. அவற்றில் பெரும்பாலானவற்றின்மீது சாதகர்ணியின் முத்திரை மறுபடி குத்தப்பட்டிருந்தது. கொடையாளரின் முகம் காசிலேயே அழிக்கப்பட்ட காலம் அது. அந்த வெற்றியாளர் தம் 18ஆம் ஆட்சியாண்டில், படைப் பாசறையிலிருந்து கோவர்தனத்து அமாத்தியருக்கு ஓலை விடுக்கிறார். மேற்குக் ககடி ஊரில் இதுவரை உஷபதாதர் அனுபவித்துவந்த 200 நிவர்த்தன நிலம் இனித் திரிரஷ்மி மலைத் துறவியருக்கு. அதில் படைவீரர் நுழையலாகாது, உப்புக்குத் தோண்டலாகாது, அதிகாரிகள் தலையிடலாகாது. இந்த உஷபதாதர் நம் உஷவதாதரே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. தோற்ற தரப்பின் நிலத்தைக் கொடுப்பது வெற்றியாளருக்குச் செலவில்லாத கொடை. நன்றி அறிவிப்பு விழா ஒன்று அன்று நடந்திருந்தால் மிகச் சிறப்பாகவே நடந்திருக்கும்.

ஆறாண்டுகள் கழித்து, 24ஆம் ஆட்சியாண்டில், அதே குகையில் இன்னொரு கட்டளை பொறிக்கப்படுகிறது. அரசனும் அரசமாதாவும் அதிகாரிக்குச் சொல்வது இது: நாம் முன்பு கொடுத்த ககடி ஊர் நிலம் உழப்படவில்லை, அவ்வூரில் குடிகள் இல்லை, ஆகையால் நகர எல்லையில் உள்ள நம் அரச நிலத்தில் 100 நிவர்த்தனத்தை அத்துறவியருக்குக் கொடுக்கிறோம். முன்பு தந்த அதே காப்புரிமைகள் இதற்கும் உண்டு.

இந்தியக் கொடை வரலாற்றில் இவ்விரண்டாம் கட்டளைக்கு உரிய இடம் இன்னும் தரப்படவில்லை என்பது என் எண்ணம். போர் நடந்த நிலப்பகுதியில் குடிகள் ஓடிப்போயிருக்கலாம். எப்படியோ, கொடை காகிதத்தில் மட்டும் இருந்தது. அச்செய்தி எப்படி அரசனுக்கு எட்டியது? கல்வெட்டு சொல்லவில்லை. ஆனால் எட்டியது. மடம் வாய்மூடி இருந்திருந்தால் 200 நிவர்த்தனம் என்ற பெரிய எண் சுவரில் அழகாக நின்றிருக்கும். பேரரசனிடம் ‘நீங்கள் தந்தது பயன்படவில்லை’ என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பேரரசனும் முதற்கட்டளையை அழித்துவிட்டு இரண்டாவதை மட்டும் வைத்துக்கொள்ளவில்லை. தோல்வியுற்ற கொடையும் அதற்கான திருத்தமும் ஒரே சுவரில் அடுத்தடுத்து நிற்கின்றன. இன்றைய நிறுவனங்கள் கொடையாளருக்கு அனுப்பும் ஆண்டறிக்கைகளில் ‘உங்கள் பணம் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை’ என்ற வாக்கியத்தைத் தேடிப் பாருங்கள். பெருங்கொடையாளர் மனம் நோகலாகாது என்ற அச்சமே அவ்வாக்கியத்தை எழுதவிடாமல் தடுக்கிறது. கொடையாளரைப் பேணுவதும் கொடையைப் பேணுவதும் அங்கேதான் பிரிகின்றன.

பிற்காலத்தில் ஏற்பாடுகள் மேலும் நுணுக்கமாயின. சாஞ்சியிலேயே குப்த ஆண்டு 131 (பொ.ஆ. 450-51) கல்வெட்டில் உபாசகர் சனசித்தரின் மனைவி ஹரிசுவாமினி 12 தீனாரங்களை அக்ஷய நீவியாக வைக்கிறார், அதன் வட்டியில் நாளொன்றுக்கு ஒரு பிக்குவுக்கு உணவு. இரத்தினகிருகத்து விளக்குகளுக்கு 3 தீனாரம், நான்கு புத்தர் இருக்கை கொண்ட இடத்து விளக்குக்கு 1 தீனாரம். மொத்தம் 16. சிறிய தொகைதான், ஆனால் ஒவ்வொரு காசுக்கும் தனித் தலைப்பு. குப்த ஆண்டு 146இல், இன்றைய உத்தரப் பிரதேசத்து இந்தூர் என்னும் ஊரில் கிடைத்த செப்பேடு இன்னும் சுவையானது. தேவவிஷ்ணு என்னும் பிராமணர் சூரியன் கோயில் விளக்குக்காக ஜீவந்தர் தலைமையிலான எண்ணெய் வாணிகர் சங்கத்திடம் முதல் வைக்கிறார். சங்கம் இவ்வூரை விட்டு வேறிடம் பெயர்ந்தாலும், அது ஒன்றுபட்டு நிலைக்கும் வரை, இரண்டு பலம் எண்ணெய் தந்தாக வேண்டும் என்பது நிபந்தனை. கைவினைச் சங்கங்கள் இடம்பெயர்வது அன்று உண்மையாகவே நடந்தது. லாட நாட்டுப் பட்டு நெசவாளர் தசபுரத்துக்குப் பெயர்ந்ததை மந்தசோர் கல்வெட்டு கூறுகிறது.

கொடையை வேறு நோக்கத்துக்குத் திருப்பக் கூடாது என்பதற்குச் சாபம்தான் சட்டம். காகணாவம் என்றழைக்கப்பட்ட சாஞ்சியிலிருந்து கல்வேலையைப் பெயர்ப்பவரும், அதை வேறோர் ஆசிரியர் மரபுக்கு மாற்றுபவரும் ஐம்பெரும் பாவம் செய்தவர் கதியை அடைவர் என்று வாயிற்கல்வெட்டு எச்சரிக்கிறது. பிற்கால நிலக்கொடைச் செப்பேடுகளில், கொடுத்தவருக்கு அறுபதினாயிரம் ஆண்டு விண்ணுலகமும் பறித்தவருக்கு அதேயளவு நரகமும் சொல்லப்படும். இவ்வகைச் சுலோகங்களில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று: நிலத்தை அரசர் பலர் கொடுத்திருக்கிறார்கள், எவர் ஆட்சியில் எப்போது அந்நிலம் இருக்கிறதோ அப்போது பலன் அவருக்கே என்னும் கருத்து. முன்னோர் கொடையைக் காக்கும் பின்னோருக்குப் புண்ணியத்தில் பங்கு. கொடையாளர் இறந்தபின், அவருடைய வமிசமும் அழிந்தபின், அக்கொடையை ஏன் ஒருவர் காக்க வேண்டும் என்ற கேள்விக்கு இதைவிடக் கூர்மையான விடை எனக்குத் தெரியவில்லை.

நாளந்தாவில் 1921இல் ஹீரானந்த சாஸ்திரி கண்டெடுத்த தேவபாலரின் செப்பேடு எல்லை கடந்த கொடைக்குச் சான்று. சுவர்ணத்வீபத்துச் சைலேந்திர அரசர் பாலபுத்திரதேவர் அங்கொரு விகாரம் எழுப்பி, தூதர் வழியே வேண்ட, பால அரசர் ஐந்து ஊர்களை அளித்தார். வழிபாடு, உணவு, ஆடை, படுக்கை, நோயாளருக்கு மருந்து, நூல்களைப் படியெடுத்தல், சிதைந்ததைப் பழுதுபார்த்தல் என்று செலவினங்கள் வரிசையாகக் கூறப்படுகின்றன. கட்டடம் கட்டப் பணம் தருவோர் அன்றும் இன்றும் கிடைப்பர். ஒழுகும் கூரைக்குப் பணம் தருவோர் அரிது. அச்செலவு மூல ஆவணத்திலேயே இருப்பது கவனிக்கத்தக்கது. பின்னொரு காலத்தில் சைலேந்திரர் நாகப்பட்டினத்தில் எழுப்பிய சூளாமணி விகாரத்துக்கு இராசராசன் ஆனைமங்கலத்தை அளித்ததைத் தமிழ் வாசகர் அறிவர்.

ஆனால் இதே செப்பேடுகளில்தான் என் மனம் நெருடுகிறது. ஊர் கொடையாகிறது என்றால் அவ்வூர்க் குடிகள் செலுத்தும் இறை கொடையாகிறது. உழவர்களே, ஆணைக்கு அடங்கி வழக்கமான இறைகளை இனி இவர்களிடம் செலுத்துங்கள் என்று அவர்களுக்கு அறிவிக்கப்படுவதும் இவ்வகைச் செப்பேடுகளின் வழக்கமான பகுதி. விளைவித்தவர் அவர்கள், ஆறாம் வேற்றுமையில் நிற்பவர் அரசர். சாஞ்சியின் குறுக்குக்கல்லில் தன் பெயரைப் பொறிக்க முடிந்த பிக்குணிக்கும், பெயரின்றி ‘குடிகள்’ என்று விளிக்கப்பட்ட உழவருக்கும் இடையே நிகழ்ந்த மாற்றம் கொடை வரலாற்றின் பெரும் சரிவு. ஒரு கேள்வியை இங்கே வைக்கிறேன். நிறுவனங்கள் சட்டம் 2013இன் 135ஆம் பிரிவின்படி, குறித்த அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் முந்தைய மூன்றாண்டுச் சராசரி நிகர இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புப் பணிக்குச் செலவிட வேண்டும். அச்செலவில் எழும் கட்டடத்தில் எவர் பெயர் பொறிக்கப்படுகிறது, அவ்விலாபத்தை ஈட்டித் தந்தோர் எந்த வேற்றுமையில் நிற்கின்றனர்?

பெயரை வேண்டாமென்று விட்டவர்களும் உண்டு. ஜம்ஷெட்ஜி டாட்டா ஓர் அறிவியல் ஆய்வுப் பல்கலைக்கழகத்துக்காகத் தம் சொத்தில் பெரும்பகுதியை ஒதுக்க முன்வந்தார். அதற்குத் தம் பெயர் சூட்டப்படுவதை அவர் விரும்பவில்லை. 1904இல் அவர் மறைந்தார். மைசூர் அரசு 371 ஏக்கர் நிலம் கொடுத்தது. 1909இல் இந்திய அறிவியல் கழகம் அமைந்தது. பெயர்ப்பலகையில் அவர் இல்லை. ஆனால் பெங்களூர் மக்கள் அதை நெடுங்காலம் ‘டாட்டா இன்ஸ்டிட்யூட்’ என்றே அழைத்தார்கள். எவரும் கட்டளையிடாமலேயே ஆறாம் வேற்றுமை திரும்பி வந்துவிட்டது.

நம் பல்கலைக்கழகங்களுக்கு வருகிறேன், ஏனெனில் இதை வாசிப்போரில் பெரும்பாலோர் அங்கிருப்பவர்கள். அறக்கட்டளைச் சொற்பொழிவுகளுக்கும் நினைவுப் பரிசுகளுக்கும் எவ்வளவோ பேர் முதல் வைத்திருக்கிறார்கள். ஒருவர் தம் ஓய்வூதியத்தில் மிச்சம்பிடித்து, மறைந்த மகளின் பெயரால் சில ஆயிரங்களை வைத்திருப்பார். வட்டியும் விலைவாசியும் பிரிந்து சென்றபின், அப்பணத்தில் இன்று பரிசுப் புத்தகம்கூட வாங்க இயலாது. ஹரிசுவாமினியின் விளக்குகளும் இப்படித்தான் ஒருநாள் அணைந்திருக்கும். ஆனால் அணைந்ததை யாரேனும் சொல்ல வேண்டாமா? கொடுத்தவர் குடும்பத்துக்கு ஒரு கடிதம், இரண்டு சிறு அறக்கட்டளைகளை இணைக்கும் ஒரு தீர்மானம், அதற்கான பதிவு. சாதகர்ணியின் 24ஆம் ஆண்டுக் கட்டளை அளவுக்குக்கூட நீளமில்லாத ஆவணம் போதும். புதிய பெருங்கொடையாளரைத் தேடிச் செல்லும் அலுவலகத்துக்கு இப்பழைய சிறு கொடையாளர் கண்ணில் படுவதில்லை. வரிச்சட்டம் தன் பங்கைச் செய்கிறது. 2021-22 நிதியாண்டு முதல், 80ஜி வரிச்சலுகைக்கு ஏற்பு பெற்ற அமைப்புகள் கொடையாளர் விவரங்களைப் படிவம் 10பிடியில் தாக்கல் செய்து, ஒவ்வொருவருக்கும் 10பிஇ சான்றிதழ் தர வேண்டும். கொடுத்ததற்குப் பதிவு கிடைத்துவிட்டது. அப்பணம் என்ன ஆனது என்பது அப்படிவத்தில் இல்லை.

முனைவர் பட்ட மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் துறையில் நடக்கும் அறக்கட்டளைச் சொற்பொழிவு ஒன்றின் மூலப் பத்திரத்தைப் பார்வையிட முயலுங்கள். யாருடைய கொடை, எவ்வளவு முதல், எங்கே முதலிடப்பட்டது, என்ன வட்டி, எந்தச் செலவுக்கு, ஊர் மாறினாலும் துறை இணைந்தாலும் என்ன செய்வது என்ற இந்த ஆறு செய்திகளில் எத்தனை அதில் இருக்கின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். பத்திரத்தின் மொழியையும் கவனியுங்கள். குறிப்பாக, கொடையாளர் எந்த வேற்றுமையில் நிற்கிறார், பெறும் நிறுவனத்துக்கு எத்தனை வினைச்சொற்கள் தரப்பட்டிருக்கின்றன என்பதை. பார்த்தவர்கள் கீழே எழுதுங்கள். போதிய சான்றுகள் சேர்ந்தால் நாசிக் கல்வெட்டின் வாக்கிய அமைப்போடு அவற்றை ஒப்பிட்டு அடுத்த பதிவை எழுதுகிறேன்.